தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரைவிட அரசாங்க ஊழியர் கூடுதலாகச் சம்பாதிக்கலாமா?

ஈசூன் வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்தியாவில் ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2016 முதல் நடப்புக்கு வந்தபோது, நாட்டின் தலைமை அரசு அதிகாரியான அமைச்சரவைச் செயலாளரின் மாதச் சம்பளம் இரண்டரை லட்சம் ரூபாயாக உயர்ந்தது. குடியரசுத் தலைவரோ அப்போதும் ஒன்றரை லட்சமே பெற்றுக்கொண்டிருந்தார். 2018 வரவுசெலவுத் திட்டத்தில் அவருடைய சம்பளம் ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்ட பிறகே இந்த முரண் நீங்கியது. இதைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழுந்தபோது, மக்களின் வாக்கைப் பெற்று வந்தவருக்கு மேலாக எந்த அதிகாரியும் சம்பளம் வாங்கக் கூடாது என்று என் கணவர் உறுதியாகச் சொன்னார். வேலைக்கு உரிய ஊதியம் வேறு, பதவிக்கு உரிய மரியாதை வேறு என்பது என் எண்ணம். அமைச்சர்களின் சம்பளம் உலக அளவில் பேசப்படும் நம் சிங்கப்பூரில் இக்கேள்விக்குப் பொருள் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தெம்பனிஸ் கணக்கர்

வணக்கம் சகோதரி. பிற நாடுகளில் அதிகாரி தலைவரை மிஞ்சலாமா என்று கேட்கிறார்கள். இங்கு அமைச்சரின் சம்பளம் வெகுகாலம் உயர் அதிகாரியின் சம்பளத்தோடு ஒரே ஏணியில் வைக்கப்பட்டிருந்ததால், விவாதம் வேறு திசையில் போய்விட்டது.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. 1959-இல் ஆட்சிக்கு வந்த மக்கள் செயல் கட்சி அரசாங்கம் அதிகாரிகளின் படித்தொகையைக் குறைத்து அவர்களின் மனக்கசப்புக்கு ஆளானது. 1961-இல் அதைத் திரும்பக் கொடுத்தது. 1970-இல் அமைச்சர்களின் மாதச் சம்பளம் 2,500 வெள்ளியிலிருந்து 4,500 வெள்ளிக்கு உயர்ந்தபோது, திரு லீ குவான் இயூ தம் சம்பளத்தை 3,500 வெள்ளியிலேயே நிறுத்திக்கொண்டார். அதாவது, தமக்குக் கீழே இருந்த அமைச்சர்களைவிடப் பிரதமர் குறைவாகப் பெற்றார். அதனால் அவருடைய அதிகாரம் இம்மியும் குறையவில்லை என்பதை உங்கள் கணவரிடம் சொல்லிப் பாருங்கள்.

பெரிய மாற்றம் 1994-ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கையோடு வந்தது. வங்கி, சட்டம், கணக்கியல், பொறியியல் முதலிய ஆறு துறைகளில் ஒவ்வொன்றிலும் மிக அதிகமாகச் சம்பாதிக்கும் நால்வரின் வருமானத்தை எடுத்து, அதன் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கை அமைச்சருக்கும் அதே படிநிலையில் உள்ள நிரந்தரச் செயலாளருக்கும் (அமைச்சின் தலைமை அதிகாரிக்கும்) அளவுகோலாக வைத்தார்கள். 2000-இல் கணக்கு எட்டுப் பேருக்கு விரிந்தது. 2007-ஆம் ஆண்டு உயர்வுக்குப் பின் பிரதமரின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 3.1 மில்லியன் வெள்ளியை எட்டியது. உயர்வுத் தொகையை ஐந்தாண்டுகளுக்கு நன்கொடையாக அளிப்பதாகத் திரு லீ சியன் லூங் அறிவித்தும் மக்களின் முணுமுணுப்பு அடங்கவில்லை.

2011 பொதுத்தேர்தலுக்குப் பின் திரு ஜெரார்ட் ஈ தலைமையில் அமைந்த குழு, சிங்கப்பூர்க் குடிமக்களில் மிக அதிகம் ஈட்டும் ஆயிரம் பேரின் இடைநிலை வருமானத்தை எடுத்து, பொதுச் சேவை என்பது தியாகமும் கலந்தது என்பதற்காக அதில் 40 விழுக்காட்டைக் கழித்தது. அதன்படி பிரதமரின் சம்பளம் 36 விழுக்காடு குறைந்து 2.2 மில்லியன் வெள்ளியாகவும், தொடக்கநிலை அமைச்சரின் சம்பளம் 1.1 மில்லியன் வெள்ளியாகவும் ஆயின. (பிரதமரின் செயல்பாட்டை மதிப்பிட அவருக்கு மேலே யாரும் இல்லை என்பதால் அவருக்குச் செயல்திறன் போனஸ் கிடையாது. நாட்டில் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை!)

2012 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி முன்வைத்த யோசனை உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. பொதுச் சேவையின் இயக்குநர் நிலை அதிகாரி பெறும் 11,000 வெள்ளியை நாடாளுமன்ற உறுப்பினரின் படித்தொகையாக வைத்து, அமைச்சருக்கு அதன் ஐந்து மடங்கும் பிரதமருக்கு ஒன்பது மடங்கும் தரலாம் என்றார்கள். ஐந்து மடங்கு என்பது 55,000 வெள்ளி. தொடக்கநிலை அமைச்சருக்குக் குழு பரிந்துரைத்த, போனஸ் சேராத மாதச் சம்பளமும் அதுவே. கோடீசுவரர்களைப் பார்த்து மேலிருந்து கணக்கிட்டாலும், அதிகாரியைப் பார்த்துக் கீழிருந்து கணக்கிட்டாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

புக்கிட் பாத்தோக் பொறியாளர்

கணக்கர் ஐயா வரலாற்றைத் தெளிவாகச் சொன்னார். ஆனால் சகோதரியின் கணவர் கேட்பது ஒரு கொள்கை. அதற்கு நேரான பதில் வேண்டும். என் பதில், அக்கொள்கை தவறு என்பதே.

தலைவரின் சம்பளத்தை உச்சவரம்பாக வைத்தால், வரம்பு இடிக்கும்போதெல்லாம் தலைவரின் சம்பளத்தைத்தான் உயர்த்துவார்கள். இந்தியாவில் நடந்ததும் அதுதான். செயலாளரின் ஊதியத்தை யாரும் வெட்டவில்லை. பிரிட்டனில் 2010-இல் பிரதமர் கேமரன் தாம் பெற்ற 142,500 பவுண்டுக்கு மேற்பட்ட எந்த அரசு ஊதியத்துக்கும் நிதியமைச்சின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தார். அதன் பிறகும் ஒப்புதல் கேட்டுப் பெறுவது நிற்கவில்லை. தவிர, அந்த 142,500 பவுண்டில் பிரதமருக்கு அளிக்கப்படும் டவுனிங் தெரு வீடும் செக்கர்ஸ் மாளிகையும் சேரவில்லை. பதவி விலகிய பிறகு உரையாற்றியும் நினைவுக்குறிப்பு எழுதியும் கிடைக்கும் வருமானமும் சேரவில்லை. அப்படிப்பட்ட ஒரு தொகையை அறுவை மருத்துவருக்கோ அணுமின் பொறியாளருக்கோ வரம்பாக வைப்பது கணக்குக்குப் பொருந்தாது.

ஆஸ்திரேலியாவில் அமைச்சுகளின் செயலாளர்கள் பிரதமரைவிட அதிகம் பெறுகிறார்கள். அங்கு அது இயல்பாகிவிட்டது. ஆனால் அரசுக்குச் சொந்தமான ஆஸ்திரேலிய அஞ்சல் நிறுவனத்தின் தலைவர் ஆண்டுக்கு 5.6 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் பெற்றது 2017-இல் வெளிவந்தபோது, பிரதமரே அது மிகை என்று சொன்னார். பிறகு அந்த நிறுவனத் தலைவர் பதவி விலகினார். அவர் பெற்ற தொகை பிரதமரின் சம்பளத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மிக அதிகச் சம்பளம் பெறும் அரசு ஊழியர் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர் என்பதை நினைத்தால் ஆளுநர்கள்மீது இரக்கம்தான் வருகிறது.

முன்னாள் ஆசிரியை

உச்சத்தில் இருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அமைச்சர்களுக்கான தேசிய போனஸ் நான்கு அளவைகளால் தீர்மானிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று, கீழ்நிலை 20 விழுக்காட்டில் இருப்பவர்களின் உண்மை வருமானம் எவ்வளவு வளர்ந்தது என்பது. யார் யாரைவிட அதிகம் என்பதைவிட இந்த ஒரு வரியே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதே அளவையை உயர் அதிகாரிகளின் போனஸுக்கும் சம எடையோடு வைக்கலாமே?

ஈசூன் வாசகி

மூவருக்கும் நன்றி. என் கணவர் இன்னும் ஒன்று கேட்கிறார்: சாதாரண நாடாளுமன்ற உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்தானே, அவர் நிலை என்ன?

தெம்பனிஸ் கணக்கர்

நல்ல கேள்வி. 2012 மறுஆய்வின்படி உறுப்பினரின் படித்தொகை ஆண்டுக்கு 192,500 வெள்ளி. மாதக் கணக்கில் 13,750 வெள்ளி (ஆண்டுத் தொகை பதினான்கு மாதக் கணக்கு). அது முழுநேரச் சம்பளமாகக் கருதப்படுவதில்லை. பலர் தங்கள் தொழிலையும் தொடர்கிறார்கள். ஓர் அமைச்சின் நிரந்தரச் செயலாளர் அதைவிட மிகுதியாகப் பெறுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆகவே உங்கள் கணவர் வேண்டாம் என்னும் நிலை இங்கும் உள்ளது. வாரந்தோறும் மக்களைச் சந்தித்து மனு எழுதும் உறுப்பினர், அம்மனுவைப் பெறும் உயர் அதிகாரியைவிடக் குறைவாகவே பெறுகிறார். இதனால் யாரும் அவரை மதிக்காமல் விட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

பொறியாளர் நண்பரோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. வரம்பு வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வரம்பை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் வெளிப்படைத்தன்மை வேண்டும். இங்கு அமைச்சர்களின் சம்பள அமைப்பை எவரும் படிக்கலாம். நிரந்தரச் செயலாளர்களும் அரசாங்க வாரியத் தலைவர்களும் தனித்தனியாக எவ்வளவு பெறுகிறார்கள் என்பது வெளியிடப்படுவதில்லை. பிரிட்டன் உயர் அதிகாரிகளின் சம்பளத்தை 2010 முதல் குறிப்பிட்ட தொகை வரம்புகளாகப் பிரித்து வெளியிட்டு வருகிறது. குறைந்தது அந்த அளவுக்காவது இங்கும் வெளியிட்டால், அடுத்த மறுஆய்வுக் குழு அமைச்சரையும் அதிகாரியையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாமும் ஊகத்தை வைத்து வாதாட வேண்டியிராது.