கல்யாணம் பதிய முடியாத இரண்டு பெண்கள், ஒரு வீடு: எதை எழுதி வைக்கலாம்?

உப்புவெளிக்காரி:
திருகோணமலையில் நானும் என் துணையும் பல வருடங்களாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவரும் பெண்கள். அயலுக்கு நாங்கள் ஒன்றாக வேலை செய்யும் சிநேகிதிகள், அவ்வளவுதான். காணி அவளுடைய பெயரில், ஆனால் வீடு கட்டின காசில் பாதிக்கு மேல் என் சம்பளமும் சீட்டுக் காசும். அண்மையில் அவள் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது "நீங்கள் என்ன சொந்தம்?" என்று கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை, மட்டக்களப்பிலிருந்து அவளுடைய அண்ணா வரும்வரை எனக்கு ஒரு விவரமும் சொல்லவில்லை. நாளைக்கு அவளுக்கு ஏதாவது நடந்தால் இந்த வீட்டில் நான் இருக்க முடியுமா? லோயரிடம் போகவும் பயமாக இருக்கிறது, ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365அ பிரிவு இருக்கும் நாட்டில் இதை எழுதி வைத்தால் அதுவே எங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடாதா?

கந்தோர்மேசை:
தங்கச்சி, நான் உறுதிகளும் சாசனங்களும் எழுதும் நொத்தாரிசுக் கந்தோரில் வேலை செய்கிறவன். முதலில் அந்தப் பயத்தைப் பார்ப்போம். அந்தப் பிரிவு 1995 திருத்தத்திலிருந்து பெண்களுக்கும் பொருந்தும், இன்னும் நீக்கப்படவில்லை, உண்மை. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2024 இல் பாராளுமன்றம் கலைந்ததோடு அந்த முயற்சி நின்றுபோனது. ஆனால் அது தண்டிப்பது செயலை. தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு எழுதுவது குற்றமில்லை. மரண சாசனத்தில் (உயிலில்) என்ன உறவு என்று ஒரு வரியும் தேவையில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, எந்தச் சொத்து, போதும்.

எழுதாமல் விட்டால் எல்லாம் அவளுடைய பெற்றோருக்கும் சகோதரங்களுக்கும் போகும், உங்களுக்கு ஒரு சதமும் வராது. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், இல்லையென்றால் நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள், இது 1840 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் முறை. நொத்தாரிசு முன்னிலையிலேயே செய்யுங்கள், நீங்கள் சாட்சியாக நிற்காதீர்கள். இன்னொன்று, வீட்டார் வற்புறுத்தி அவளை யாருக்காவது கட்டி வைத்தால் அந்தக் கல்யாணமே பழைய சாசனத்தை ரத்தாக்கிவிடும்.

காணி முழு உரிமையுள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதியில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியா?

உப்புவெளிக்காரி:
அனுமதிப்பத்திரம். அம்மாவுக்குப் பின் காணியைப் பெற நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளராக அவளுக்கு வந்தது.

கந்தோர்மேசை:
அப்படியென்றால் மேலே எழுதியது அந்தக் காணிக்குச் சரிவராது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி மரண சாசனத்தால் கைமாறாது. பின்னுரித்தாளராக வாழ்க்கைத் துணையையும் அட்டவணையில் இருக்கும் உறவினர்களையும் மட்டுமே நியமிக்கலாம், உங்களைப் போன்ற ஒருவருக்கு அதில் இடமே இல்லை. எங்கள் மாவட்டத்தில், கந்தளாய்ப் பக்கம் போனால் இன்னும் அதிகம், இந்த வகைக் காணிதான் பலரிடம் இருக்கிறது, அதனால்தான் முதலிலேயே கேட்டேன். பிரதேச செயலகக் காணிக் கிளையில் இப்போது யாருடைய பெயர் பின்னுரித்தாளராகப் பதிவாகியிருக்கிறது என்று அவளே போய்ப் பார்க்கட்டும்.

இனிமேல் அந்த வீட்டில் பெரிய காசு போடாதீர்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து சிறிய உறுதிக் காணி ஒன்றை ஆளுக்குப் பாதியாக வாங்கி, ஒருவர் பாதியை மற்றவருக்குச் சாசனத்தில் எழுதுங்கள். சாசனம் இல்லாவிட்டால் அவளுடைய பாதி அண்ணாவின் கைக்குப் போய், அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால் காணியே விற்பனைக்கு வந்துவிடலாம்.

வங்கிக்காரி_திருமலை:
காணியை விடக் காசு லேசு. வங்கிக் கணக்குக்கு யாரையும் நியமனதாரராக (நீங்கள் இறந்தால் காசைப் பெறுபவராக) போடலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, படிவத்தை வங்கியிலேயே தருவார்கள். கூட்டுக் கணக்கு என்றால் உயிரோடு இருப்பவர் எடுக்கும் வகையா என்று கேட்டுத் திறவுங்கள், இருவரும் கையெழுத்து வைத்தால்தான் எடுக்கலாம் என்ற கணக்கு உங்களுக்கு உதவாது. ஊழியர் சேமலாப நிதிக்கும் (EPF) தனியாக ஒரு நியமனம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறோம், அதைப் போய்ப் பாருங்கள் அக்கா.

பவர் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம்) எழுதிக் கொடுத்தால் ஆஸ்பத்திரிக்கும் உதவும் என்று பலர் நம்புகிறார்கள். ஆள் இறந்தால் அந்தப் பவர் செத்துவிடும், நினைவில்லாமல் கிடக்கும்போதும் அதை நம்பியிருக்க முடியாது. அதை விட, "எனக்கு ஏதாவது நடந்தால் இவருக்கு முதலில் சொல்லுங்கள், என் வைத்திய விவரத்தை இவரிடம் பேசுங்கள்" என்று அவள் தன் கையால் கடிதம் எழுதி, அண்ணாவும் கீழே கையெழுத்து வைத்தால் நல்லது. ஆஸ்பத்திரி அதை ஏற்றே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் இரவில் வார்டில் தனியாக நிற்கும் ஒருத்தியின் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

மூதூர்ச்சாலை:
அண்ணா நல்லவர் என்றாலும் மற்றச் சொந்தங்கள் அடிதடிக்கு வந்தால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவள் தன் பெற்றோர், சகோதரருக்கு எதிராகவும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அதற்கு உங்கள் இருவரின் உறவைப் பற்றிப் பேசத் தேவையில்லை. லோயருக்குக் காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலும் இருக்கிறது, வருமானம் குறைவானவர்களுக்கு இலவசம். போகும்போது அனுமதிப்பத்திரத்தின் பிரதியும் சீமெந்து, ஓடு, மேசன் கூலி ரசீதுகளும் கொண்டு போங்கள். அந்தக் காசை அவள் உங்களிடம் பட்ட கடனாக உடன்படிக்கை எழுதலாமா என்று அங்கேயே கேளுங்கள், காணி கைவிட்டுப் போனாலும் போட்ட காசையாவது கேட்க ஒரு வழி வேண்டும்.