சூடானதும் நியூட்ரல் விழவில்லை, ஒன்றாம் கியர் போட்டால் வண்டி முன்னால் குதிக்கிறது

கேள்வி:
150 சிசி, ஐந்து கியர் வண்டி. காலையில் கிளம்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் ஆரம்பிக்கிறது. சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் தாவுகிறதே தவிர நடுவில் நிற்பதில்லை. கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் கியர் போட்டாலும் டக்கென்று இடித்து வண்டி முன்னால் நகர்கிறது. லிவர் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரைத் திருகிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. கியர் பாக்ஸே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஸ்பேனர் செட் இருக்கிறது, இன்ஜினைத் திறந்த அனுபவம் இல்லை. எங்கிருந்து பார்க்கலாம்?

பதில் 1:
கியர் பாக்ஸ் பயம் இப்போதைக்கு வேண்டாம். நியூட்ரல் விழாத நேரத்தில் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி நியூட்ரல் போட்டுப் பாருங்கள். சுலபமாக விழுந்தால் கோளாறு கிளட்சில்தான். லிவரைப் பிடித்தும் கிளட்ச் பிளேட்டுகள் முழுதாக விலகாமல் உரசிக்கொண்டிருக்கின்றன, அந்த உரசலில் கியர் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருப்பதால் பற்கள் மேல் இருக்கும் விசை குறையாது, அதனால்தான் கியர் கழன்று வர மறுக்கிறது. அணைத்த பிறகும் கல் மாதிரி இருந்தால் மட்டும் கியர் லிவர் பக்கம் போங்கள், அங்கேயும் முதலில் லிவர் போல்ட் லூசா, இணைப்புக் கம்பி வளைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிளட்ச்தான் என்றால் கேபிளில் ஆரம்பியுங்கள். லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட்டம் (கேபிள் இறுகும் முன் லிவர் நகரும் தூரம்) இருக்க வேண்டும் என்பது பல வண்டிகளுக்குப் பொதுவான அளவு, உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். மேல் அட்ஜஸ்டர் ஏற்கெனவே பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தால் அதை முழுதாக உள்ளே திருகிவிட்டு, இன்ஜின் பக்கம் இருக்கும் கீழ் அட்ஜஸ்டரில் தளர்ச்சியை எடுங்கள், அப்புறம் மேலே வந்து கொஞ்சமாகச் சரிசெய்யலாம். முடித்ததும் ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ஆட்டம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது.

பதில் 2:
கேபிள் பற்றிச் சொன்னது சரி. ஆனால் நியூட்ரல் விழ வேண்டும் என்பதற்காக ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அப்படி இறுக்கினால் நீங்கள் லிவரைத் தொடாதபோதும் பிளேட்டுகள் பாதி விலகியே இருக்கும், மேட்டில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் அலறும், வேகம் ஏறாது, கொஞ்ச நாளில் பிளேட் கருகிவிடும்.

ஆயிலையும் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயேதான் சுற்றுகிறது, அதனால் பழசாகிப் போன ஆயில், அளவுக்கு மேல் ஊற்றிய ஆயில், கையேடு சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் எதுவானாலும் பிளேட்டுகள் விலகுவது கெடும். டப்பாவில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் சுற்றும் கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக் குறியீடு) என்று போட்டிருக்க வேண்டும். கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருக்கும், அது கிளட்சை வழுக்க வைக்கும். ஐடில் வேகம் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம்) அதிகமாக இருந்தாலும் ஒன்றாம் கியர் இடிக்கும், அதைச் சரிபார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி கேட்டவர்:
இரண்டு பேருக்கும் நன்றி. அணைத்ததும் நியூட்ரல் சுலபமாக விழுகிறது, நிம்மதி. மேல் அட்ஜஸ்டர் கிட்டத்தட்ட கழலும் நிலையில் வெளியே இருந்தது. லிவர் ஓரத்தில் ரப்பரை விலக்கிப் பார்த்தால் கேபிள் கம்பியில் சில இழைகள் அறுந்து பிரிந்திருக்கின்றன. எண்ணெய் விட்டு ஓட்டலாமா, மாற்றிவிடட்டுமா? மாற்றியும் சரியாகாவிட்டால் அடுத்து என்ன?

பதில் 3:
மாற்றிவிடுங்கள். இழை அறுந்த கேபிள் பிடிக்கப் பிடிக்க நீண்டுகொண்டே போகும், நீங்கள் எவ்வளவு திருகினாலும் போதாது, ஒரு நாள் நெரிசலில் முழுதாக அறுந்து நிற்கும். பழையதை உருவும் முன் அது போகும் வழியைப் படம் எடுத்து வையுங்கள், புதியதும் அதே வழியில் போக வேண்டும். மேல் அட்ஜஸ்டர், லாக் நட், லிவர் தாங்கி மூன்றிலும் இருக்கும் பிளவுகள் நேராக வந்தால்தான் கம்பி உள்ளே நுழையும். மாட்டியதும் அந்தப் பிளவுகளை விலக்கித் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் கம்பி வெளியே நழுவலாம்.

புதுக் கேபிளும் சரியான ஆயிலும் போட்டு, சூட்டில் பழைய கதையே என்றால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டியதுதான். சூட்டில் மட்டும் பிளேட்டுகள் முழுதாக விலகாமல் வரும் இழுவைக்கு, வளைந்த ஸ்டீல் பிளேட்டுகளும், பிளேட்டுகள் நகரும் வெளிக்கூட்டின் விரல்களில் விழுந்த பள்ளங்களும் பெரிய காரணங்கள். பிளேட்டைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து ஓரத்தில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்தால் வளைவு தெரிந்துவிடும். வேலை கடினம் இல்லை, ஆனால் ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், மாட்டும்போதும் அப்படியே. போல்ட் இறங்கும் அலுமினியத் தூண்கள் சுலபமாக உடையும், அதனால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இதில் கை வைக்க வேண்டாம். புது உராய்வு பிளேட் போட்டால் இன்ஜின் ஆயிலில் ஊற வைத்த பிறகே மாட்டுங்கள். கவர் கேஸ்கெட்டை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும்.