எத்தனை முறை என்பதா, எத்தனை மில்லி என்பதா?

தாமிரபரணிக்கரை:
விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிப்பது ஆறு ஆண்டுகளாக என் வழக்கம். எட்டரை மணிக்குள் நான்கு முறை சிறுநீர் கழித்துவிடுவேன். வீட்டில் இதை நோய் என்கிறார்கள். உடலின் கழிவு நீங்குகிறது என்பது என் கருத்து. சிறுநீரகக் கல்லின் வலியை ஒருமுறை அனுபவித்தவன் ஆதலால், தண்ணீரைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1996இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், முதன்முறை கல் வந்த 199 பேரை ஐந்தாண்டுகள் கவனித்தபோது, அதிகமாகத் தண்ணீர் குடித்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கே கல் திரும்ப வந்தது. மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு வந்தது. அடிக்கடி போவது நல்லது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மருந்தாளுநர்_கோவை:
ஐயா, அந்த ஆய்வை நான் மறுக்கவில்லை. உங்கள் வழக்கத்துக்கு அது சான்றாகாது என்றுதான் சொல்கிறேன். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் வழக்கமாக ஒன்றரை, இரண்டு லிட்டரை மட்டுமே வெளியேற்றுகின்றன; குடிக்கும் அளவுக்கேற்ப இது கூடும், குறையும். ஒன்றரை லிட்டரை மொத்தமாக உள்ளே விட்டால், நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்னும் இயக்குநீர் குறைந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி வெளியேறிவிடும். கூடுதலாகப் போவது தண்ணீரே தவிரக் கழிவு அன்று. கல் வராமலிருக்க வேண்டுமானால் சிறுநீர் நாள் முழுவதும் நீர்த்திருக்க வேண்டும். காலையில் நான்கு முறை தெளிவாகப் போய்விட்டு மாலையில் அடர்மஞ்சளாகப் போகிறவருக்கு, கல் படிவதற்குரிய நேரம் மாலையிலும் இரவிலும் அப்படியே இருக்கிறது. மதியத்துக்குப் பின் என்ன நிறம் என்று பார்த்ததுண்டா?

ஆசிரியை_கரூர்:
நாள் முழுவதும் பிரித்துக் குடியுங்கள் என்று சொல்வது எளிது, ஐயா. நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் ஆசிரியைகளுக்கான கழிப்பறையின் சாவி அலுவலக அறையில் இருந்தது; ஒவ்வொரு முறையும் ஆண் ஊழியர் ஒருவரிடம் கேட்டு வாங்க வேண்டும். காலை ஏழு மணிக் காப்பிக்குப் பிறகு மாலை நான்கரை வரை ஒரு வாய்த் தண்ணீரும் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வீடு திரும்பியதும் இரண்டு லிட்டர் உள்ளே போகும், இரவில் மூன்று முறை எழுவேன். அதைவிட வியப்பு, பகலில் குடிக்காமலே இருந்தும் மணிக்கொரு முறை முட்டிக்கொண்டு வந்ததுதான். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களுள், அதாவது உடலின் இயற்கை உந்துதல்களுள், சிறுநீரையும் நீர்வேட்கையையும் சித்த மருத்துவம் சேர்த்துச் சொல்கிறது; நான் இரண்டையும் சேர்த்தே அடக்கினேன்.

கட்டடப்பணி:
சித்திரை வெயிலில் எங்கள் தொழிலாளர்கள் ஐந்து லிட்டருக்கு மேல் குடித்தும் பகலில் இரண்டு முறைதான் ஒதுங்குகிறார்கள். மீதியெல்லாம் வியர்வை. குடித்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத வேண்டாம்.

மருந்தாளுநர்_கோவை:
சரியான கருத்து. அதனால்தான் மூன்று நாள் அளந்து பார்க்கச் சொல்கிறேன். பழைய அளவுக் குவளை ஒன்றைக் கழிப்பறையில் வைத்துக்கொண்டு, குடித்த நேரம், குடித்த அளவு, போன நேரம், போன அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். 150 மில்லி சேர்ந்தவுடனே சிறுநீர்ப்பை முதல் உணர்வைத் தரும்; பெரியவர்களுக்கு 300 முதல் 500 மில்லி வரை சிரமமின்றிக் கொள்ளும். பகலும் இரவுமாக ஏழெட்டு முறை என்பது பொதுவாக இயல்பே.

தாமிரபரணிக்கரை:
அளந்தேன். காலை 6.20க்கு 350, 6.55க்கு 400, 7.30க்கு 380, 8.20க்கு 250 மில்லி. நீங்கள் கேட்ட நிறத்தையும் பார்த்தேன்; மாலை ஐந்து மணிக்கு 160 மில்லிதான், கடுங்காப்பி போல இல்லாவிட்டாலும் நல்ல மஞ்சள். நாள் மொத்தம் இரண்டேகால் லிட்டர்.

ஆசிரியை_கரூர்:
இப்போதுள்ள பள்ளியில் கழிப்பறை திறந்தே இருக்கிறது, ஆனாலும் பழக்கம் விடவில்லை. பகலில் ஏழு முறை. எதுவும் 120 மில்லியைத் தாண்டவில்லை. இரவில் மூன்று முறையும் முந்நூறுக்கு மேல்.

மருந்தாளுநர்_கோவை:
இருவருமே அடிக்கடி போகிறீர்கள், காரணம் மட்டும் வேறு வேறு. ஐயாவின் பை ஒவ்வொரு முறையும் நிறைந்தே காலியாகிறது; பையில் குறையில்லை, ஊற்றும் வேகத்தில்தான் குறை. அம்மாவுக்குப் பகலில் பை பாதியும் நிறைவதில்லை. அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தக்கூடும். வகுப்பு தொடங்குமுன் எதற்கும் ஒருமுறை போய்விடலாம் என்னும் பழக்கமும் சிறு அளவிலேயே அவசர உணர்வை வரவழைக்கும். எரிச்சல் இருந்தால் கிருமித்தொற்றா என்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரவில் எழுவதற்கு மாலை இரண்டு லிட்டரே போதுமான காரணம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டி, தாகமும் அடங்காதிருந்தால், குடிப்பதால் போகிறோம் என்று நினைத்துவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டும்போது சர்க்கரை சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் இழுத்துச் செல்வதால், போவதால்தான் குடிக்கிறோம் என்பதே அங்கு உண்மை.

தாமிரபரணிக்கரை:
அப்படியானால் மொத்த அளவைக் குறைக்க மாட்டேன், காலைப் பங்கை இரண்டு டம்ளராக்கி மீதியை இரவு உணவு வரை பரப்பிக்கொள்கிறேன். வெறும் வயிற்றுத் தண்ணீர் மலச்சிக்கலுக்கு எனக்கு உதவியதை மட்டும் நீங்கள் மறுக்க முடியாது.

மருந்தாளுநர்_கோவை:
மறுக்கவில்லை. அதற்கு இரண்டு டம்ளரே போதும் என்பதுதான் என் வாதம்.

ஆசிரியை_கரூர்:
நான் முதல் பாடவேளைக்குப் பின் ஒரு டம்ளர், மதிய உணவோடு இரண்டு, மூன்று மணிக்கு ஒன்று என்று தொடங்கியிருக்கிறேன். நேற்றிரவு ஒருமுறைதான் எழுந்தேன். ஆனால் பழைய பள்ளியில் இன்னும் பதினொரு ஆசிரியைகள் இருக்கிறார்கள்; அந்தச் சாவி அங்கேயேதான் தொங்குகிறது.