சளி குணமான தெருப்பூனையை வீட்டுப் பூனையோடு எப்போது சேர்க்கலாம்?

மதில்மேல்: தெருவிலிருந்து எடுத்த பூனை, சுமார் 1 வயது. சளிக்குக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக்) முடிந்து 4 நாள், தும்மல் நின்றுவிட்டது. வீட்டில் 6 வயதுப் பூனை இருக்கிறது. இப்போதே ஒன்றாக விடலாமா?

சாம்பல்வால்: அவசரப்படாதீங்க. அந்த மருந்து பாக்டீரியாவுக்குத்தான். பூனைச்சளிக்குப் பெரும்பாலும் காரணம் ஹெர்பிஸ் அல்லது கலிசி வைரஸ். அறிகுறி நின்ற பிறகும் கலிசி வாரக்கணக்கில் எச்சில், மூக்குநீர் வழியாக வெளியேறி மற்ற பூனைக்குத் தொற்றும். ஹெர்பிஸ் உடம்பிலேயே தங்கிவிடும், பயமோ இடமாற்றமோ வந்தால் ஒரு வாரம் கழித்துத் திரும்பத் தலைகாட்டும். தும்மல் நின்றதிலிருந்து குறைந்தது 2 வாரம் தனியறை. அதற்குள் எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் வைரஸ்), லுகேமியா வைரஸ் பரிசோதனையும், பெரிய பூனையின் தடுப்பூசி பாக்கியும் முடியட்டும். தடுப்பூசி தொற்றை முழுசாகத் தடுக்காது, தீவிரத்தைக் குறைக்கும்.

மதில்மேல்: அறையைப் பினாயில் போட்டுத் துடைத்தால் போதுமா?

கறுப்புக்கால்: பினாயில் வேண்டவே வேண்டாம், பூனைக்கு விஷம். கலிசி தரையில் ஒரு மாதம்கூடத் தாங்கும். முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு லிட்டருக்கு 30 மிலி பிளீச், 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்க. மூத்திரத்தின் மேல் நேரடியாகப் பிளீச் ஊற்றினால் நச்சுவாயு கிளம்பும்.

சாம்பல்வால்: தனிமைக்காலம் முடிந்ததும் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்குங்க. அப்புறம் மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு, பிறகு வலைக்கதவு வழியாகப் பார்வை. சீறினால் ஒரு படி பின்னால் போங்க. மலம், மூத்திரம் போக மணல்தட்டு 3 வேணும். தண்ணீர்க் கிண்ணம் தனித்தனி.