அத்தையின் கோட்டுப் படங்கள்

குழு: நங்கநல்லூர் குடும்பம்

கார்த்திக், காலை 6:12
எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில் யோகா வகுப்பு தொடங்குகிறார்கள். மாதம் 800 ரூபாய். சரோஜா அத்தை, நீங்களும் வாருங்கள். தனி வகுப்புக்கு ஒரு மணி நேரத்துக்கே அவ்வளவு கொடுக்கிறீர்களாமே!

சரோஜா அத்தை, 6:20
700. யாரோ உன்னிடம் நூறு ரூபாய் கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

மாலதி சித்தி, 6:21
அக்கா, எழுநூறா!

சரோஜா அத்தை, 6:29
போன வருடம் நான் போன வகுப்பு மறந்துவிட்டதா? நாற்பது பேர். பாய்க்கும் பாய்க்கும் நடுவே கை நீட்ட இடமில்லை. மேடையிலிருந்து ஆசிரியர் “எல்லோரும் சர்வாங்காசனம்” என்றார், தோளை ஊன்றித் தலைகீழாக நிற்பது. நானும் காலைத் தூக்கினேன். பதினெட்டு நாள் கழுத்துப்பட்டையோடு அலைந்தேன். கண் டாக்டர் திட்டியது தனிக் கதை. என்னைப் போல் கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருப்பவர்கள் தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

கார்த்திக், 6:31
முன்பே சொல்லியிருக்கலாமே அத்தை.

சரோஜா அத்தை, 6:34
நாற்பது பேர் நடுவே கை தூக்கியா? அவர் மேலும் குற்றமில்லை. அத்தனை பேரின் மருந்துச் சீட்டையும் யார் படிப்பது?

சரோஜா அத்தை, 6:41
இப்போது எனக்குத் தனியாகச் சொல்லித்தரும் அம்மாள் முதல் நாள் பாயையே விரிக்கவில்லை. என்ன மாத்திரை, எப்போது தூக்கம் கலைகிறது, எத்தனை படி ஏறுகிறீர்கள் என்று கேட்டார். நடக்கச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். “கை மேலே போகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள்” என்றார். 61 வயதாகிறது, இதுவரை ஒருவரும் இதைக் கவனித்துச் சொன்னதில்லை. உன் மாமா உட்பட.

பெரியப்பா, 6:50
யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களைச் சேர்த்துவைத்து, குதித்துக் குதித்துச் செய்யவைத்தவர். அஷ்டாங்க யோகத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் அவரிடம் படித்தவர். அதே மனிதர் 1950களில் சென்னைக்கு வந்தபின், வந்தவரின் வயதையும் நோயையும் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கற்பித்தார். மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். 1976இல் அவர் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் இன்று மந்தைவெளியில் இருக்கிறது. அங்கும் ஆளுக்கு ஏற்ற பாடம்தான். சரோஜா ஊர் வழக்கப்படிதான் நடக்கிறாள்.

திவ்யா, 7:02
நான் யூடியூப் பார்த்துச் செய்கிறேன். இலவசம்!

சரோஜா அத்தை, 7:03
உனக்கு 22 வயது. எதைப் பார்த்துச் செய்தாலும் நடக்கும்.

கார்த்திக், 7:06
எனக்குக் கூட்டம் வேண்டும் அத்தை. தனியாக என்றால் மூன்றாம் நாளே நின்றுவிடுவேன்.

சரோஜா அத்தை, 7:11
நீ நிற்பாய், உன்னை எனக்குத் தெரியும். உனக்கு வலி எதுவும் இல்லை, மொட்டை மாடிக்கே போ. நான் மாதம் இரண்டு முறைதான் அவரிடம் போகிறேன். மொத்தம் 1400. மற்ற நாட்களில் வீட்டில் 25 நிமிடம். செய்யாமல் போனால் இரண்டாவது அசைவிலேயே கண்டுபிடித்துவிடுகிறார். பொய் சொல்ல வழியே இல்லை.

மாலதி சித்தி, 7:15
அக்கா, உங்கள் ஆசிரியை கோட்டுப் படம் போட்டு எழுதிக் கொடுத்த பயிற்சித் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கும் அதே முட்டிவலிதான்.

சரோஜா அத்தை, 7:19
மாட்டேன். என் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ ஊசியில் நூல் கோப்பாயா? அதில் மூச்சை விட்டபின் நான்கு எண்ணும் வரை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நீ ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள். உனக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்று உன்னைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வா, அழைத்துப் போகிறேன்.

திவ்யா, 7:22
சித்தி, அத்தை வீட்டு ஃபிரிட்ஜில் அது ஒட்டியிருக்கும். நான் போன வாரமே படம் எடுத்துவிட்டேன். இதோ.

திவ்யா, 7:22
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா அத்தை, 7:23
திவ்யா!

பெரியப்பா, 7:25
நீக்குவதற்குள் பார்த்துவிட்டேன். நான்காவது படத்தில் உன் பக்கத்தில் நிற்பது என்ன, ஆட்டுக்குட்டியா?

சரோஜா அத்தை, 7:26
நாற்காலி, அண்ணா. அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.