பொசிஷனாலிட்டி: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

ச.: அனைவருக்கும் வணக்கம். புவியியல் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதக் கற்றுத்தரும் சிறு கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொசிஷனாலிட்டி (positionality) என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன். அதாவது, களத்துக்குப் போனவர் யார், எந்த ஊர், என்ன சாதி, ஆணா பெண்ணா, அதனால் அவரிடம் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்பதை ஆய்வேட்டிலேயே எழுதிவைப்பது. புவியியலாளர் ஜில்லியன் ரோஸ் 1997-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை வகுப்பில் படிக்கச் சொல்கிறோம். தமிழில் எழுதச் சொன்னால் சொல் இல்லை. என் மாணவி சொந்த ஊர்க் கரைவலையை (கடலில் வளைத்து விட்டுக் கரையிலிருந்து இழுக்கும் வலை) ஆய்கிறாள். "ஆய்வாளர் அவ்வூரைச் சேர்ந்தவர்" என்று ஒரே வரி. வலைக்காரர் அவளுடைய சித்தப்பா என்பது எங்குமே இல்லை. "நிலைப்பாடு" போடலாமா?

மு.: கூடாது. நிலைப்பாடு கட்சிகள் எடுப்பது. இவள் எடுக்கவில்லை, அதில் பிறந்தாள். நில் என்ற வேரிலிருந்தே நிலம், நிலை, நிலையம் எல்லாம். புவியியலுக்கு இதைவிட வேறென்ன வேர் வேண்டும்? "நிற்புநிலை" என் பரிந்துரை. நிலாவும் இதே வேர்தான் என்று விரிவாக எழுத முடியும்.

யோ. (யாழ்ப்பாணம்): தேய்ந்து வளரும் நிலா எப்படி ஐயா நிற்கும்? நிலையம் வடமொழி என்பாரும் உண்டு, விடுவோம். எங்கள் பக்கம் கரைவலை வளைக்கிற கரைத்துண்டுக்கே "பாடு" என்றுதான் பெயர். இன்னாருடைய பாடு என்றால் அங்கே வலை விட அவருக்குத்தான் உரிமை. ஆகவே நிலைப்பாடு அந்தப் பிள்ளையின் காதில் சரியாகத்தான் விழும். பிடிக்காவிட்டால் "நிற்குமிடம்" என்று எழுதுங்கள், சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

மு.: பேருந்து நிற்குமிடமா?

க.: பெயர்ச்சொல்லைத் தேடி அலைகிறோம், தமிழில் எழுவாயே காட்டிக்கொடுத்துவிடும். "நாங்கள் விடியலில் வலை இழுப்போம்" என்றால் அவள் உள்ளே, நாம் வெளியே. "நாம்" என்றால் நம்மையும் கயிற்றைப் பிடிக்க வைக்கிறாள். "ஆய்வாளர்" என்று எழுதியதும் தன் ஊருக்கே விருந்தாளி ஆகிவிட்டாள். கையேட்டில் முதலில் இதைச் சொல்லுங்கள். சொல் வேண்டுமென்றால் "தன்னிலை".

மு.: தன்னிலை விளக்கம் என்பது மேலதிகாரி கொடுத்த மெமோவுக்குப் பதில்!

இரா.: அகப்பாட்டின் அடியில் "தோழி கூற்று" என்று போடுகிறோமே, யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னது என்று. ஏட்டிலேயே பொசிஷனாலிட்டி இருந்திருக்கிறது. "கூற்றிடம்" என்றால் என்ன?

க.: எமன் நிற்குமிடம் போலிருக்கிறது.

ச.: மணி பதினொன்று. நிற்குமிடத்துக்கு நான்கு பேர், தன்னிலைக்கு இரண்டு பேர். "ஆய்வாளர் நிற்குமிடம்" என்று போட்டு, முதல் தடவை மட்டும் பொசிஷனாலிட்டியையும் சேர்த்திருக்கிறேன். நாம், நாங்கள் பற்றி க. அவர்கள் சொன்னது தனிப் பத்தியாகப் போகிறது. மாணவியிடம் காட்டினேன். "சரிங்க சார். ஆனா கரைவலையில யாரும் நிக்க மாட்டாங்க, இழுத்துக்கிட்டே பின்னாடி நடப்பாங்க" என்றாள்.

மு.: நிற்புநிலைக்கு இலக்கணப்படி இதுவரை யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நிலா பற்றித் தனி மடல் வரும்.