புதுப்பிப்பு: தாய்லாந்து மொழியும் அரசியலும், முதல் ஆண்டு முடிந்தது

போன ஆண்டு இங்கே கேட்டிருந்தேன்: லண்டனில் இளங்கலைக்கு அரசியல் மட்டும் படிப்பதா, தாய்லாந்து மொழியையும் சேர்த்து எடுப்பதா? ‘எல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்குமே, மொழி எதற்கு’ என்றீர்கள் பலர். இரண்டையும் எடுத்தேன்.

எழுத்து மலைக்கவைத்தது உண்மை. 44 மெய்யெழுத்துகள், 5 தொனிகள், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. தொனி இன்னும் வசப்படவில்லை.

ஆனால் அரசியல் சொற்களைத் தொட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மக்களாட்சிக்கு ‘ப்ரசாதிப்பதாய்’ என்கிறார்கள். உற்றுக் கேளுங்கள், நமக்குத் தெரிந்த பிரஜையும் ஆதிபத்தியமும்தான்! ஆட்சிக் கவிழ்ப்பு ‘ரத்தப்ரஹான்’: அரசின் மீது விழும் அடி.

எனக்கு முழுத் தெளிவு கிடைத்தது ஒரே ஒரு வகுப்பில். முடியாட்சியின் முழு அதிகாரத்தை முடித்துவைத்த 1932 நிகழ்வைத் தாய்லாந்தில் பரவலாக ‘ஆட்சிமுறை மாற்றம்’ என்றே சொல்கிறார்கள். 1958இல் ராணுவத் தளபதி சரித் தனரத் ஆட்சியைப் பிடித்து அரசமைப்பை நீக்கியபோதோ, தன் குழுவுக்குப் ‘புரட்சிக் குழு’ என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர்கள் மொழியில் ‘பதிவத்’: மக்கள் புரட்சியைக் குறிக்கும் அதே சொல். ஆங்கிலத்தில் படித்தபோது இது வெறும் ராணுவக் கவிழ்ப்பு; அந்தச் சொல்லை யார் பறித்துக்கொண்டார்கள் என்பது கண்ணிலேயே படவில்லை.

அதனால் தயங்குபவர்களுக்கு என் பதில்: சேர்த்தே எடுங்கள். அடுத்த ஆண்டு 2017 அரசமைப்பை மூலமொழியில் படிக்கப் போகிறோம். 2023 தேர்தலில் 151 இடங்களுடன் முதலில் வந்த கட்சி ஏன் ஆட்சி அமைக்க முடியவில்லை என்பதை, நியமன மேலவைக்குப் பிரதமர் தேர்வில் வாக்களிக்கும் அதிகாரம் தந்த அந்த வாசகங்களிலேயே பார்க்க வேண்டும்.